இடக்கையால் வாங்குதல்

1

மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், லூயிஷாம் கோயிலில், அவ்வளவு சனத்துக்கும் முன்னால் நான் ஐயரிடம் இடக்கையை நீட்டிவிட்டேன்.

நீட்டினேன் என்பதுகூடச் சரியில்லை. பூசை முடிந்து ஐயர் தட்டோடு வந்துகொண்டிருந்தார். விபூதியும் பூவும் பழங்களுமாய்த் தட்டு நிரம்பியிருந்தது. எனக்கு நேரே வந்தபோது ஓரத்தில் இருந்த தோடம்பழம் ஒன்று உருண்டு கீழே பாய்ந்தது. நான் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. என் இடக்கை தானாகப் போய் முழங்காலளவில் அதைப் பிடித்துவிட்டது. வலக்கை தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோலப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

நல்ல பிடி. அதை நானேதான் சொல்ல வேண்டியிருக்கிறது, வேறு ஒருவரும் சொல்லவில்லை. ஐயர் என் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார், “வைச்சிருங்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். பின்னால் நின்ற ஒரு அம்மா, “சின்னப்பிள்ளையளுக்கு நாங்கள் படிப்பிக்கிறம், பெரிய ஆக்கள் உப்பிடிச் செய்யினம்” என்று எனக்குக் கேட்கும் அளவுக்குப் பார்த்துச் சொன்னார். என் மனைவி வசந்தி, “இஞ்சருங்கோ, மற்றக் கைக்கு மாத்துங்கோ. எல்லாரும் பாக்கினம்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

என் மகள் ஆரணி மட்டும் சிரித்தாள். வாயைப் பொத்தாமல், தோள் குலுங்கச் சிரித்தாள்.

அவளுக்குப் பதின்மூன்று வயது. ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு அந்தச் சிரிப்பின் பெறுமதி விளங்காது. ஒரு வருடமாக என் மகள் என்னோடு கதைப்பதில்லை. சண்டை ஒன்றும் இல்லை. கேட்டால் “ஓகே” என்பாள், “ஃபைன்” என்பாள், சில நாளைக்கு அதுவும் இல்லாமல் தோளை ஒரு தரம் உயர்த்திவிட்டு மேல்மாடிக்குப் போய்விடுவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். பிறகு நான் ஆங்கிலத்தில் கேட்டேன், அதற்குப் பதிலே வரவில்லை. என் ஆங்கிலம் அவளுக்குக் கூச்சமாக இருக்கிறது என்று வசந்தி பிறகு சொன்னாள். இதைவிட ஒரு தகப்பனுக்கு என்ன வேணும்!

அன்று இரவல் காரில் வீட்டுக்கு வரும்போது, தேம்ஸ் ஆற்றுக்குக் கீழே போகிற சுரங்கப்பாதைக்குள், பின்சீற்றில் இருந்து அவள் கேட்டாள்: “அப்பா, அப்பிடிப் பிடிக்க எங்க பழகினீங்கள்?” ஆங்கிலத்தில்தான் கேட்டாள். ஆனால் அது உண்மையான கேள்வி, பதிலுக்காகக் காத்திருக்கிற கேள்வி.

“ஐஸ் ஹொக்கி விளையாடேக்க” என்றேன்.

“நீங்களா?” என்றாள். வசந்தி, “விசர்க்கதை கதையாமல் ரோட்டைப் பாத்து ஓடுங்கோ” என்றாள்.

2

அந்த மாதம் முழுவதும், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கோப்பை கழுவுகிற நேரத்தில், ஆரணிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கதை சொன்னேன். நான் கழுவ அவள் துடைப்பாள். முன்பெல்லாம் அந்த வேலைக்கு அவளைக் கூப்பிட்டால் வீட்டுப்பாடம் நிறைய இருக்கும். இப்போது தானாகவே துவாயைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். நான் வேண்டுமென்றே மெதுவாகக் கழுவினேன். ஒரு கதையை ஒரே இரவில் சொல்லி முடிக்கிற மடையன் நான் இல்லை.

அவளுக்குச் சொன்னது இது. எண்பத்துநாலு கடைசியில் நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அவள் தாயின் வயிற்றில் இருந்தாள். ஃபாரஸ்ட் கேட்டில் எங்கடை பெடியன்கள் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் எனக்கும் ஒரு மெத்தை கிடைத்தது. வேலை செய்ய அனுமதி வந்ததும் கிழக்கு லண்டனில் ஒரு ஐஸ் ரிங்கில் வேலைக்குச் சேர்ந்தேன். ஐஸ் ரிங் என்றால், ஊரிலுள்ள வாசகர்களுக்குச் சொல்கிறேன், கூரை போட்ட ஒரு பெரிய மண்டபம், நிலத்துக்குப் பதிலாக உறைந்த தண்ணீர். அடியில் இரும்புத்தகடு வைத்த சப்பாத்தை வாடகைக்குப் போட்டுக்கொண்டு சனம் அதன்மேல் வழுக்கி வழுக்கிச் சுற்றும். அந்தச் சப்பாத்துகளை எடுத்துக் கொடுப்பதும் திரும்ப வாங்கி உள்ளே மருந்து அடிப்பதும் என் வேலை. ஊரில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவன் நான். இங்கே வெள்ளைக்காரரின் காலளவை முகத்தைப் பார்த்தே சொல்லக்கூடியவனாக ஆனேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை, பொதுச்சனத்துக்குக் கதவு திறக்க முதல், ஒரு கூட்டம் ஹொக்கி விளையாட வரும். பெரிய விளையாட்டுக்காரர் இல்லை. தபால்காரர், கூரை போடுகிறவர், பஸ் கராஜில் வேலை செய்கிற கொலின். கொலினுக்கு என் வயதுதான் இருக்கும். அவர்களுடைய கோல் கீப்பர் ஒருநாள் முழங்காலை முறித்துக்கொண்டு போய்விட்டார். அந்த இடத்துக்கு யாருமே விரும்பி வருவதில்லை. ஏனென்றால் இறுகின ரப்பர் வட்டு ஒன்று துவக்குச்சன்னம் மாதிரி வரும், அதற்கு முன்னால் நெஞ்சைக் கொடுத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

கொலின் சப்பாத்துக் கவுன்டருக்கு வந்து, “உன்ரை ஆக்கள் கிரிக்கெட் விளையாடுவினம்தானே? அப்ப உனக்குப் பந்து பிடிக்கத் தெரியும்” என்றான்.

“நீங்கள் கிரிக்கெட் விளையாடினீங்களா?” என்று ஆரணி கேட்டாள்.

“இல்லை. நான் ஸ்கோர் எழுதினனான்.”

“அதைச் சொல்லேல்லையா?”

“ஆர் கேட்டது?”

அவள் திரும்பவும் சிரித்தாள். கையில் இருந்த கோப்பையைத் துடைத்து முடித்து அதையே திரும்பவும் துடைத்தாள். நான் அதைக் கவனித்தேன்.

3

கோல் கீப்பருக்கு இரண்டு கையிலும் இரண்டு விதமான உறை. வலக்கையில் தடி பிடிக்க வேண்டும். அந்தக் கையின் வெளிப்பக்கத்தில் பலகை மாதிரி ஒன்று இருக்கும், வட்டு வந்தால் தட்டிவிடத்தான் அது உதவும், பிடிக்க ஏலாது. பிடிக்கிற கை இடக்கை. அதற்கு ஒரு பெரிய தோலுறை, வலை வைத்துத் தைத்தது, சுளகளவு அகலம். வட்டு பறந்து வந்தால் அதற்குள் வாங்க வேண்டும்.

இடக்கையால் வாங்க வேண்டும்! ஊரிலுள்ளவர்களுக்கு இப்போது விளங்கும் என் பாடு. விளங்காதது கொலினுக்கு.

எங்கள் வீட்டில் அப்பா கண்டிப்பானவர். சின்ன வயதில் எதையாவது வாங்க இடக்கையை நீட்டினால் கொடுக்கமாட்டார். கொடுக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டு நிற்பார், நான் கையை மாற்றும்வரைக்கும். சில நேரம் மட்டத்தடியால் மணிக்கட்டில் ஒன்று விழும். அது அவருடைய குற்றமில்லை, எல்லா வீட்டிலும் அதுதான். முப்பது வயதில் என் இடக்கை, ஒருவர் எதையாவது என் பக்கம் கொண்டுவந்தால், தானாகவே முதுகுக்குப் பின்னால் போய் ஒளிக்கும். அது எனக்கே தெரியாது. ஐஸில் நின்றபோதுதான் தெரிந்தது.

வட்டு இடப்பக்கம் வரும். என் இடக்கை தொடைக்குப் பின்னால் பதுங்கும். வலக்கை, தடியும் பலகையுமாக, உடம்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மரியாதையாக அதை வாங்கப் போகும். உடம்பு முழுவதும் திரும்பிவிடும், வலை திறந்துவிடும், கோல். முதல் ஞாயிறு அப்படி எத்தனை வாங்கினேன் என்று கேட்காதீர்கள். எதிர்ப்பக்கத்தில் விளையாடிய தபால்காரர் கடைசியில் பாவம் பார்த்து வேண்டுமென்றே வெளியே அடித்தார்.

“உன்ரை இடக்கைக்கு வெக்கம்” என்றான் கொலின். பிறகு என் முன்னால் வந்து நின்று அந்தக் கையைப் பிடித்து இழுத்து வைத்தான். “இஞ்ச, முன்னுக்கு. முழங்காலுக்குப் பக்கத்தில, ஆனால் முழங்காலுக்கு முன்னுக்கு. உனக்கே உன்ரை கையுறை தெரிய வேணும். தெரியாத கையாலை ஒண்டும் பிடிக்க ஏலாது.”

முழங்கை விலாவில் ஒட்டக்கூடாது. ஒட்டினால் கை சுழலாது. உள்ளங்கை அடிக்கிறவனைப் பார்த்துத் திறந்திருக்க வேண்டும், மூடிக்கொண்டு போய்க் கடைசி நேரத்தில் திறக்க நினைத்தால் பிந்திவிடும். பெருவிரல் மேலே, ஒருவருக்குக் கைகொடுக்கப் போகிறதுபோல. வட்டைத் துரத்திக்கொண்டு போகக்கூடாது, அது வருகிற வழியில் கையை வைத்துவிட்டு நிற்க வேண்டும். பிடித்த பிறகும் கையைப் பின்னால் இழுக்கக்கூடாது, கோட்டுக்கு அந்தப் பக்கம் போனால் பிடித்தும் கோல்தான். எல்லாவற்றிலும் முக்கியம் கண். வட்டு தடியைவிட்டுக் கிளம்பினதில் இருந்து உறைக்குள் விழும்வரைக்கும் கண் அதைவிட்டு அசையக்கூடாது.

இவ்வளவையும் ஆரணிக்குச் செய்து காட்டினேன். குசினி நடுவில், சவர்க்கார நுரை வழிய வழிய, முழங்காலை மடித்துக் குந்தி. இடக்கையில் அடுப்பிலிருந்து தட்டெடுக்கிற துணியுறையைப் போட்டிருந்தேன். அவள் மேசையில் இருந்த எலுமிச்சங்காயை எறிந்தாள். பிடித்தேன். திரும்ப எறிந்தாள். வசந்தி வந்து வாசலில் நின்று, “பிள்ளைக்குச் சோதனை வருது, நீங்கள் எலுமிச்சங்காய் விளையாடுறியள்” என்றாள். ஆனால் அவளும் போகவில்லை, கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

4

கைக்கு வெட்கத்தைத் தெளிய வைக்க அந்தக் காலத்தில் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எதை வாங்கினாலும் இடக்கையால் வாங்குவது. தேத்தண்ணியா, இடக்கை. சோற்றுக்கோப்பையா, இடக்கை. ரயில் டிக்கெட்டா, அதுவும் இடக்கை. வெள்ளைக்காரனுக்கு இது கண்ணிலேயே படாது. எங்கடை சனத்திடம்தான் வில்லங்கம்.

வீட்டில் மூத்தவர் சிவம் அண்ணை. பேக்கரியில் இரவு வேலை செய்கிறவர். அவர்தான் எல்லோருக்கும் சமைத்துவைத்துவிட்டு வேலைக்குப் போவார். ஒருநாள் அவர் அகப்பையோடு நிற்க நான் கோப்பையை இடக்கையில் நீட்டினேன்.

“உனக்கு வலக்கை விளங்காமல் போட்டுதே?” என்றார்.

“இல்லை அண்ணை. இது ஒரு பழக்கத்துக்கு.”

“என்ன பழக்கம் இது? தாய் தேப்பன் பழக்கினதுதான் பழக்கம். மாத்தடா கையை.”

மாற்றினேன். ஹொக்கிக்காக என்று அவரிடம் சொல்லத் துணிவு வரவில்லை. நாடு எரிந்துகொண்டிருக்கிறது, பெண்சாதி பிள்ளையைத் தவிக்க விட்டுவிட்டு வந்தவன் ஐஸில் நின்று விளையாடுகிறான் என்றால் யார் பொறுப்பார்கள்? வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேலதிக வேலை என்று சொல்லிவிட்டுப் போவேன். ஊருக்கும் எழுதவில்லை. மரக்கறிக் கடையில் கறிவேப்பிலைக் கட்டை இடக்கையால் வாங்கப்போக, கடைக்காரர் கட்டைத் தராமல் மேலே பிடித்துக்கொண்டு, “தம்பி, எந்த ஊர் நீர்?” என்று கேட்டார். என் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. பக்கத்து ஊர்ப் பெயரைச் சொல்லி அவர்களுடைய மானத்தை வாங்கிவிட்டு வந்தேன்.

மாரி முடிகிற நேரம் கை வெளியே வந்துவிட்டது. ஒரு ஞாயிறு தபால்காரர் அடித்தது ஒன்று நேராக உறைக்குள் வந்து அறைந்தது. உள்ளங்கை எரிந்தது. கொலின் ஐஸில் தடியால் தட்டினான், மற்றவர்களும் தட்டினார்கள். அவர்கள் நாட்டில் அதுதான் கைதட்டல்.

5

ஆரணிக்குச் சொல்லாமல் விட்டவையும் இருக்கின்றன.

ஃபாரஸ்ட் கேட் வீட்டில் கட்டில்கள் சூடு ஆறுவதில்லை. ஒருவன் ஷிப்டுக்கு எழும்ப இன்னொருவன் வந்து படுப்பான். ஒரே வீட்டில் இருந்தும் கிழமைக்கணக்கில் சில பேரின் முகத்தைக் காணமாட்டேன், அவர்களுடைய சப்பாத்தைத்தான் வாசலில் காண்பேன். ரிங்கிலும் கவுன்டருக்கு மேலால் கால்களோடுதான் என் சீவியம். கதைக்க ஆளில்லாமல் வாய் காய்ந்து போகும். கோல் கீப்பருடைய முகமூடியைப் போட்டதும் நான் தமிழில் கதைக்கத் தொடங்குவேன். வட்டு மற்றப்பக்கம் இருக்கும் நேரமெல்லாம், கம்பிக்கு உள்ளே, தன்னந்தனியாக. வசந்தியோடு கதைப்பேன். காணாத பிள்ளையோடு கதைப்பேன், பல் முளைத்துவிட்டதா, நடக்கிறாளா என்று. அந்த வருடங்களில் நான் மனம்விட்டுக் கதைத்தது அங்கேதான். வெளியே அவர்கள் நான் தேவாரம் பாடுகிறேன் என்று நினைத்தார்கள். கொலின் ஒருதரம், “கடவுளிட்ட எனக்கும் ஒரு கோல் கேள்” என்று பகிடி விட்டான்.

குரோய்டனில் அகதி விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அந்தப் பெரிய கட்டடத்தில் காலையில் இருந்து மத்தியானம்வரை இலக்கத்துண்டோடு காத்திருந்தேன். மொழிபெயர்க்க ஒரு சென்னைப் பெண் இருந்தார். அதிகாரி கேட்ட கேள்வி சின்னது: இந்த நாட்டில் உமக்கு யார் இருக்கிறார்கள்?

நான் யோசித்தேன். ஒளிக்க ஒன்றும் இல்லை, சொல்லவும் ஒன்றும் இல்லை. “ஞாயிற்றுக்கிழமை ஐஸ் ஹொக்கி ஆக்கள் இருக்கினம்” என்றேன்.

அந்தப் பெண் மொழிபெயர்க்காமல் என்னைப் பார்த்தார். “சார், சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களான்னு கேக்கறாங்க.”

“விளங்குது. சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லை. ஹொக்கி ஆக்கள்தான்.”

“ஐஸ் ஹாக்கியா? நிஜமாவா சொல்றீங்க?”

“ஓம்.”

அவர் மொழிபெயர்த்தார். அதிகாரி பேனையைத் தூக்கிப் பிடித்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எதையோ எழுதினார். சொன்னது பிழையோ சரியோ தெரியவில்லை, ஆனால் உண்மையைச் சொன்னேன். திரும்பி வரும்போது ரயிலில் கண் கலங்கிவிட்டது. யாராவது பார்த்தால் வெட்கமென்று யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

6

இருக்க அனுமதி கிடைத்து, எண்பத்தெட்டில் வசந்தியும் ஆரணியும் வந்து சேர்ந்தார்கள். ஹீத்ரோவில் மூன்று வயதுப் பிள்ளை தாயின் சேலைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது. நான் குந்தி இருந்து கையை நீட்டினேன். எவ்வளவு நேரமாயும் அவள் வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு ஞாயிறுகளில் பெற்றோல் நிலையத்தில் வேலை எடுத்தேன், ஹொக்கியை விட்டேன். கொலினுக்கு வருடத்துக்கு ஒரு நத்தார் காட் போகும், அங்கிருந்து ஒன்று வரும். அவ்வளவுதான்.

கதை முடிந்த இரவு ஆரணி துவாயை மடித்து வைத்துவிட்டு, “எல்லாம் பொய்” என்றாள், ஆங்கிலத்தில். “ஒரு படமும் இல்லை. ஒரு விளையாட்டுச் சேட்டும் இல்லை. நீங்கள் கட்டி விடுறீங்கள்.”

“பொய் இல்லை அம்மா.”

“அப்ப காட்டுங்கோ.”

கதை சொல்லி இழுத்துக்கொண்டு வந்த பிள்ளை கதையோடு போய்விடப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அடுத்த நாள் கொலினுக்கு ரெலிபோன் எடுத்தேன். அவர்கள் இன்னும் விளையாடுகிறார்களா? விளையாடுகிறார்கள், தலைமயிர்தான் இல்லை. கோல் கீப்பர் இருக்கிறாரா? “எங்களுக்கு எப்ப இருந்தது!” என்றான்.

வசந்தி வாயில் கைவைத்தாள். “இடுப்பு நாரி பிடிச்சால் நான் பாக்கமாட்டன், சொல்லிப்போட்டன்.” பெற்றோல் நிலையத்தில் ஒரு ஞாயிறு லீவு கேட்டேன். பத்து வருடத்தில் முதல் தரம். முதலாளி குஜராத்திக்காரர், யார் செத்தது என்று கேட்டார்.

அந்த ஞாயிறு நான் ஆரணியைக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் அவள் காதில் பாட்டுக் கருவி. ஆனாலும் வந்தாள், அதுவே பெரிய காரியம். அவளைக் கோலுக்குப் பின்பக்கக் கண்ணாடிக்கு அருகில் நிற்கச் சொல்லிவிட்டு உடுப்பு மாற்றப் போனேன். கால்மெத்தையை வலம் இடம் மாறிக் கட்டிவிட்டு அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். இரவல் உறை, யாருடையதோ வியர்வையில் இறுகிப்போனது. ஐஸில் கால் வைத்ததும் நாற்பத்திரண்டு வயதுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தது.

கறுப்புச் சட்டைக்காரருக்கும் வெள்ளைச் சட்டைக்காரருக்கும் விளையாட்டு. நான் வெள்ளை, கொலினும் வெள்ளை. முதல் மூன்றும் கோல். என் கை திரும்பவும் தொடைக்குப் பின்னால் போய்விட்டது. பத்து வருடம் வீட்டிலும் கோயிலிலும் வலக்கையால் வாங்கி வாங்கி, அது பழைய இடத்தைத் தேடிப் போயிருந்தது. தோடம்பழத்துக்கு வந்த கை வட்டுக்கு வரமாட்டேன் என்றது. முகமூடிக்குள் அதைத் தூஷணத்தால் ஏசினேன். நாலாவது வந்தது, இடுப்பளவில், இடப்பக்கம். கை போனது. அறைந்தது. உறையை மூடிக்கொண்டு அப்படியே நின்றேன். தடிகள் ஐஸில் தட்டுப்பட்டன. எங்களுடையவர்களும் மூன்று கோல் அடித்துச் சமப்படுத்தினார்கள். முடிய ஒரு நிமிடம் இருக்கும், அடுத்த கோல் அடிக்கிறவர் வென்றவர்.

கறுப்புச் சட்டைக்காரப் பெடியன் ஒருவன் தனியாக வட்டைக் கொண்டு வந்தான். நான் முன்னே வந்து குந்தினேன். கை எங்கே இருந்ததோ எனக்குத் தெரியாது. அப்போது பின்னால் கண்ணாடியில் யாரோ இரண்டு கையாலும் அடித்தார்கள்.

“அப்பா! கை! கையை முன்னுக்கு வையுங்கோ!”

தமிழ். நல்ல தமிழ். எத்தனையோ காலமாக என் வீட்டுக்குள் அவள் வாயால் கேட்காத தமிழ், அந்தக் குளிர்மண்டபத்தில் எல்லா வெள்ளைக்காரருக்கும் கேட்க. என் பிள்ளை என்னைக் கூப்பிடுகிறாள். நான் திரும்பிப் பார்த்தேன்.

அவளுடைய முகம் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. காதில் பாட்டுக் கருவி இல்லை. வாய் திறந்தபடி இருந்தது. அந்த முகத்தை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மாறியது, ஏனென்றால் வட்டு என் இடக்காலைக் கடந்து வலைக்குள் போய்விட்டது.

ஐஸ் ஹொக்கி கண்ட நாளில் இருந்து இப்படி ஒரு கோல் கீப்பர் பிராக்குப் பார்த்துக் கோல் வாங்கியிருக்கமாட்டான். கொலின் தடியைத் தூக்கி எறிந்தான். “கண்! கண்! உனக்கு நான் எத்தினை தரம் சொன்னனான்?” நான் முகமூடிக்குள் சிரித்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்ய? வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக ஒன்றிலும் தோற்றதில்லை.

7

பஸ்ஸில் அவள் கோபமாக இருந்தாள். “ஏன் என்னைப் பாத்தீங்கள்?” திரும்பவும் ஆங்கிலம். “பிடிச்சிருக்கலாம். லேசானது. எல்லாரும் என்னைத்தான் பாத்தவை.”

“நீ கூப்பிட்டாய் அம்மா.”

“நான் கூப்பிடேல்லை. கையைச் சொன்னனான்.”

உண்மைதான். அவள் கையைத்தான் சொன்னாள். நான்தான் கூப்பிட்டதாக எடுத்துக்கொண்டேன். இதை அவளுக்கு விளங்கப்படுத்த என்னிடம் ஆங்கிலம் இல்லை. தமிழில் சொல்லலாம், அதைக் கேட்க அவள் காதில் இடம் இல்லை, கருவியைத் திரும்பப் போட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்து தாயிடம், “அப்பா சொன்னது பொய்யில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். வசந்தி என் நாரிக்கு எண்ணெய் காய்ச்சிக்கொண்டே, “வெண்டதோ தோத்ததோ?” என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிறும் போனேன். ஆரணிக்கு அன்று சிநேகிதியின் பிறந்தநாள். அதற்கு அடுத்தது சோதனை. பிறகு அவளுக்கு ஞாயிறுகளில் நித்திரை வேண்டும் என்று ஆயிற்று. நான் கேட்பதை நிறுத்தினேன். கோப்பை கழுவும் நேரத்திலும் கதை தீர்ந்துவிட்டது. புதிதாக எதையாவது சொல்லத் தொடங்குவேன், அவள் துடைத்து முடித்திருப்பாள். அவளில் பிழை இல்லை. பதின்மூன்று வயதில் நானும் அப்பாவோடு என்னத்தைக் கதைத்தேன்?

பெற்றோல் நிலைய வேலையைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன். இப்போது ஆனி மாதம். ஒரு ஞாயிறும் தவறவில்லை. போகிற பஸ்ஸில் பக்கத்து சீற்றில் பையை வைத்துக்கொள்கிறேன்.

போன கிழமை விளையாட்டு முடிந்து உறையைக் கழற்றும்போது கொலின் பக்கத்தில் வந்து இருந்தான். “இந்த வயதிலதான் நீ நல்ல கோல் கீப்பராய் வந்திருக்கிறாய்” என்றான். “உன்ரை கண் இப்ப வட்டை விட்டு ஒருக்காலும் அசையிறேல்லை.”

நன்றி என்றேன். கண்ணாடிக்குப் பின்னால் பார்ப்பதற்கு யாரும் இல்லை என்று அவனுக்குச் சொல்லவில்லை.